எதுவும் நடக்காததுபோல் தோன்றும் படங்கள்: பழைய ஜப்பானியக் குடும்பச் சினிமாவுக்குள் நுழைவோருக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2012இல் திரைப்பட இயக்குநர்களிடையே நடத்திய வாக்கெடுப்பில், உலகின் தலைசிறந்த படமாக முதலிடம் பெற்றது 1953இல் வெளிவந்த, யசுஜிரோ ஓசு இயக்கிய 'டோக்கியோ ஸ்டோரி'. அந்தப் பெருமையைக் கேள்விப்பட்டு அதைப் பார்க்க உட்காருகிறவர்களில் பலர் முதல் அரை மணி நேரத்திலேயே எழுந்துவிடுகிறார்கள். வயதான தம்பதியர் ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். விசிறிக்கொண்டே வெயிலைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். யாரும் குரலை உயர்த்துவதில்லை. அதே படத்தை முடிவுவரை பார்த்து, வாய்விட்டு அழுதவர்களும் இருக்கிறார்கள். இந்த வேறுபாட்டுக்கு ரசனையைக் காரணமாகச் சொல்வது எளிது. எதைக் கவனிக்க வேண்டும் என்று பார்வையாளருக்கு எவரும் சொல்லாததே உண்மையான காரணம் என்பது என் கருத்து.

கவனிக்க வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யசுஜிரோ ஓசு (1903–1963), மிக்கியோ நருசே (1905–1969) ஆகிய ஜப்பானிய இயக்குநர்களின் குடும்பப் படங்களில் வரும் மனிதர்கள் தங்களை வாட்டுவது எதுவோ அதைப் பற்றிப் பெரும்பாலும் பேசுவதில்லை. அதற்குப் பதிலாக வானிலை, தலையணை, பலகாரம், பேருந்து ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறார்கள். இந்தச் சில்லறைப் பேச்சுக்குள்தான் துயரமும் அன்பும் குற்றவுணர்வும் இருக்கின்றன. அந்தப் பேச்சைக் கேட்கக் காது பழகிவிட்டால், அரை மணி நேரத்தில் எழுந்திருக்க மாட்டீர்கள். கீழே உள்ள வரிசை அந்தப் பழக்கத்தை ஏற்படுத்துவதற்காகவே அமைந்தது.

பார்க்க உட்காரும் முன்

இந்தப் படங்களைக் கைப்பேசியில் பார்க்க வேண்டாம். ஓசுவின் படச்சட்டத்தில் ஒரு கதவின் ஓரத்திலோ தாழ்வாரத்தின் கடைசியிலோ வைக்கப்பட்ட பொருளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. சிறிய திரையில் அது காணாமல் போய்விடும். பெரும்பாலான படங்கள் ஏறக்குறைய சதுரத்துக்கு நெருங்கிய பழைய வடிவத்தில் எடுக்கப்பட்டவை என்பதால், இன்றைய அகலத் தொலைக்காட்சியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரியும். அது பழுதன்று. திரை முழுவதையும் நிரப்ப வேண்டும் என்று ரிமோட்டில் அளவை மாற்றினால், முகங்கள் பருத்துவிடும் அல்லது மேலும் கீழும் வெட்டுப்பட்டுவிடும். ஜப்பானிய ஒலியோடும் ஆங்கிலத் துணை எழுத்துகளோடும் பாருங்கள். முக்கியப் படங்களில் பல சீரமைக்கப்பட்ட பிரதிகளாகக் கிடைக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மங்கலான பிரதியை மட்டும் பார்த்துவிட்டுப் படம் சலிப்பூட்டுகிறது என்று முடிவுகட்டுவது நியாயமாகாது. வேகத்தை ஒன்றரை மடங்காகக் கூட்டிப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அப்படிப் பார்ப்பதைவிட இந்தப் படங்களைப் பார்க்காமலே இருந்துவிடலாம்.

கதையை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் சுவை கெட்டுவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. எல்லாக் கதைகளையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம். மகளுக்குக் கல்யாணம் ஆகிறது, பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள் என்ற அளவுதான். ஆகவே நானும் கீழே கதைகளைத் தயங்காமல் சொல்லப்போகிறேன்.

முதல் படம்: 'குட் மார்னிங்' (1959)

புதியவர்களுக்கு வழக்கமாக 'டோக்கியோ ஸ்டோரி'யைத்தான் முதலில் கொடுப்பார்கள். நான் அதை நான்காவதாக வைப்பேன். தொடங்க வேண்டியது 'குட் மார்னிங்'கில். 94 நிமிடம் ஓடும் வண்ணப்படம்; நகைச்சுவை; சிறுவர்களின் குசு விளையாட்டுகூட உண்டு. தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தரச் சொல்லி இரண்டு சிறுவர்கள் அடம்பிடிக்கிறார்கள். வாயை மூடு, அளவுக்கு மீறிப் பேசுகிறாய் என்று தந்தை திட்டுகிறார். மூத்தவன் பதிலுக்கு, பெரியவர்கள்தாம் தேவையில்லாததைப் பேசுகிறார்கள், காலை வணக்கம், நல்ல வெயில், எங்கே கிளம்பிவிட்டீர்கள், சும்மா இப்படித்தான் என்று நாள் முழுக்க அர்த்தமில்லாமல் பேசுவது யார் என்று கேட்கிறான். பிறகு இருவரும் மௌனப் போராட்டத்தில் இறங்குகிறார்கள். அவர்கள் வணக்கம் சொல்லாமல் போனதை, அவர்களுடைய தாய்க்குத் தன்மேல் ஏதோ மனத்தாங்கல் இருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் எடுத்துக்கொள்கிறாள். அது தெரு முழுவதும் பரவுகிறது.

படம் முடியும் தறுவாயில், அந்தச் சிறுவர்களின் சித்தியும், அவள்மேல் விருப்பமுள்ள இளைஞரும் ரயில் நடைமேடையில் சந்திக்கிறார்கள். நல்ல வெயில் என்கிறார் அவர். ஆமாம், நல்ல வெயில் என்கிறாள் அவள். அந்த மேகத்தின் வடிவம் விசித்திரமாக இருக்கிறது என்கிறார். ஆமாம், விசித்திரமாகத்தான் இருக்கிறது என்கிறாள். சொல்ல வேண்டிய ஒன்றே ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் சொல்லிவிடுகிறார்கள். அரங்கம் சிரிக்கும் காட்சி இது. இந்தக் காட்சியைப் புரிந்துகொண்டவருக்கு ஓசுவின் மற்றப் படங்களைப் பார்க்கும் வழி திறந்துவிடுகிறது. ஏனென்றால் இங்கே சிரிப்புக்காகப் பயன்படும் அதே முறையைத்தான் அவர் மற்ற இடங்களில் துயரத்துக்குப் பயன்படுத்துகிறார்.

இரண்டாவது: 'லேட் ஸ்பிரிங்' (1949)

டோக்கியோவுக்கு அருகிலுள்ள கமகுரா என்ற ஊரில், மனைவியை இழந்த பேராசிரியர் ஒருவர் தம் 27 வயது மகள் நோரிகோவுடன் வாழ்கிறார். மகளுக்குக் கல்யாணத்தில் நாட்டமில்லை. தந்தையோடு இருப்பதே அவளுக்குப் போதும். தாம் மறுமணம் செய்துகொள்ளப் போவதாக ஒரு பொய் சொல்லித்தான் தந்தை அவளை இணங்க வைக்கிறார். நோரிகோவாகச் செட்சுகோ ஹராவும் தந்தையாகச் சிஷு ரியூவும் நடித்திருக்கிறார்கள்.

இதைப் பார்க்கும்போது நோரிகோவின் சிரிப்பைத் தொடர்ந்து கவனித்து வாருங்கள். முதல் பாதியில் அவள் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறாள். பிறகு தந்தையும் மகளும் 'நோ' என்ற ஜப்பானிய மரபு நாடகத்தைப் பார்க்கச் செல்லும் நீண்ட காட்சி வருகிறது. அரங்கின் மறுபக்கத்தில் அமர்ந்திருக்கும் ஒரு விதவைக்குத் தந்தை தலைதாழ்த்தி வணக்கம் சொல்கிறார், நோரிகோவும் சொல்கிறாள், பிறகு தந்தையையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்க்கிறாள், மெல்லத் தலை கவிழ்கிறாள். ஒரு சொல்கூட இல்லை. நாடகத்தின் பாட்டும் மத்தளமும் மட்டும் தொடர்ந்து ஒலிக்கின்றன. இக்காட்சிக்குப் பிறகு அவள் சிரிக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு எதை மறைக்கிறது என்று நீங்களே கேட்கத் தொடங்குவீர்கள்.

அடுத்து, எதைக் காட்டவில்லை என்று பாருங்கள். மணமகன் படம் முழுவதிலும் ஒருமுறைகூடத் திரையில் தோன்றுவதில்லை. அவன் அமெரிக்க நடிகர் கேரி கூப்பரின் சாயலில் இருக்கிறான் என்று சொல்கிறார்கள், அவ்வளவே. கல்யாணக் கூட்டமும் சடங்கும் இல்லை. மணக்கோலத்தில் நோரிகோ அமர்ந்திருப்பதைக் காட்டுகிறார்கள். அவள் கிளம்பிப் போனபின் வெறிச்சோடிய அறையைக் காட்டுகிறார்கள். நம் சினிமா மண்டபத்திலும் நாயனத்திலும் செலவழிக்கும் நேரத்தை ஓசு அந்த வீட்டுக்கே கொடுத்துவிடுகிறார். இரவில் தனியே திரும்பும் தந்தை நாற்காலியில் அமர்ந்து ஓர் ஆப்பிளைத் தோல் சீவுகிறார். சீவிய தோல் நீண்ட சுருளாகத் தொங்கி அறுந்து விழுகிறது. அவர் தலை தாழ்கிறது. அந்த இடத்தில் வாய்விட்டு அழும்படி ஓசு கேட்டதாகவும், தம்மால் அது முடியவில்லை என்றும் ரியூ பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். முடியாமல் போனது நல்லதாயிற்று.

இந்தப் படம் சிலருக்குக் கோபமூட்டும். தந்தையுடன் நிறைவாக இருக்கும் பெண்ணை ஏன் இப்படி வற்புறுத்தி அனுப்ப வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. படத்துக்குள்ளேயே அதற்கு இடம் இருக்கிறது. கியோட்டோ விடுதியில், இப்படியே உங்களோடு இருந்துவிடுகிறேன், இதைவிட மகிழ்ச்சி எனக்கு வேறெதிலும் இல்லை என்று நோரிகோ கெஞ்சுவதை ஓசு வெட்டாமல் காட்டுகிறார். அதற்குத் தந்தை சொல்லும் பதில் நீளமானது, அறிவார்ந்தது. ஆனால் அவள் முகம் அதை ஏற்றுக்கொண்டதா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இடையே தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள்

ஒன்று, நடிகர்களைப் பற்றியது. 'லேட் ஸ்பிரிங்', 'எர்லி சம்மர்' (1951), 'டோக்கியோ ஸ்டோரி' ஆகிய மூன்றிலும் ஹராவின் பாத்திரத்துக்கு நோரிகோ என்றே பெயர். ஆனால் மூவரும் வெவ்வேறு பெண்கள். ரியூ முதல் படத்தில் அவளுக்குத் தந்தை, இரண்டாவதில் அண்ணன், மூன்றாவதில் மாமனார். 'டோக்கியோ ஸ்டோரி'யில் 70 வயது முதியவராக நடித்தபோது அவருக்கு வயது 49. மூத்த மகனாக நடித்த சோ யமமுரா அவரைவிட ஆறு வயதே இளையவர். மூன்று படங்களிலும் வரும் இன்னொரு முகம் ஹருகோ சுகிமுரா. அத்தை, பக்கத்து வீட்டுத் தாய், மூத்த மகள் என்று ஒவ்வொன்றிலும் வேறொரு பெண்ணாக வந்து படத்துக்கு உப்பும் காரமும் சேர்ப்பவர் அவர். இந்தக் குழப்பம் முதலிலேயே தீர்ந்துவிட்டால், ஒரே நடிகர்களிடையே உறவு மாறிக்கொண்டே வருவதை ரசிக்கலாம்.

மற்றொன்று, காலம். 1945இல் தோற்ற ஜப்பான் 1952 ஏப்ரல் வரை நேச நாடுகளின் ஆக்கிரமிப்பில் இருந்தது. 1947இல் புதிய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் திருத்தப்பட்ட குடிமைச் சட்டம், குடும்பத் தலைவருக்கு இருந்த சட்டபூர்வ அதிகாரத்தை நீக்கியது. கல்யாணத்துக்குப் பெண்ணின் சம்மதம் கேட்கும் தந்தையரை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். போரைப் பற்றி எவரும் விரிவாகப் பேசாவிட்டாலும் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. 'எர்லி சம்மர்' படத்தில் ஒரு மகன் போரிலிருந்து திரும்பவில்லை; தந்தை நம்பிக்கையை விட்டுவிட்டார், தாய் இன்னும் வானொலியில் காணாமற்போனோர் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தத் தகவலும் வழக்கமான பேச்சின் நடுவே ஒரு வரியில் வந்து போகிறது.

'எர்லி சம்மர்' படத்தை மூன்றாவதாகப் பாருங்கள். அதில் நோரிகோ தன் கல்யாணத்தைத் தானே முடிவுசெய்கிறாள். அதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை. மனைவியை இழந்து ஒரு குழந்தையுடன் இருக்கும் தன் மகனுக்கு உன்னைப் போன்றவள் அமைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்ததுண்டு, கோபித்துக்கொள்ளாதே என்று பக்கத்து வீட்டுத் தாய் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள். என்னைப் போன்ற வயதேறிய பெண் போதுமென்றால் வருகிறேன் என்கிறாள் நோரிகோ. நம்ப முடியாமல் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்தத் தாய், கண்ணீருக்கு நடுவே, பயற்றம் பூரணம் வைத்த பன் இருக்கிறது, சாப்பிடுகிறாயா என்கிறாள். சுகிமுரா அதைச் சொல்லும் விதத்துக்காகவே இந்தப் படத்தை மறுபடி பார்க்கலாம்.

நான்காவது: 'டோக்கியோ ஸ்டோரி' (1953)

இப்போது அந்த 136 நிமிடப் படத்துக்கு நீங்கள் தயார். ஹிரோஷிமா மாவட்டத்துத் துறைமுக ஊரான ஒனோமிச்சியிலிருந்து ஷுகிச்சி, தோமி என்ற முதியவர்கள் டோக்கியோ கிளம்புகிறார்கள். முதல் காட்சியிலேயே பழகிய காதைப் பயன்படுத்துங்கள். பெட்டி கட்டும்போது காற்றடைத்த தலையணை எங்கே என்ற பேச்சு வருகிறது. உன்னிடம் கொடுத்தேன் என்கிறார் கணவர். என்னிடம் இல்லையே என்கிறாள் மனைவி. கொஞ்ச நேரத்தில் அது அவரிடமே இருக்கிறது. இருந்தது, இருந்தது என்று முனகிக்கொள்கிறார். சன்னல் வழியே எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண், பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள், நீங்கள் கொடுத்து வைத்தவர்கள் என்கிறாள். இந்த இரண்டு நிமிடத்தில் ஒன்றுமே இல்லைபோல் தோன்றும். இரண்டு மணி நேரம் கழித்து அதே பெண் அதே சன்னலில் நின்று பேசும்போது, அறையில் ஓர் ஆள் குறைவாக இருப்பார்.

டோக்கியோவில் பிள்ளைகள் கொடியவர்களாக இல்லை, அவர்களுக்கு நேரமில்லை. மருத்துவரான மகன் பெற்றோரை ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பும் நேரத்தில் ஒரு நோயாளி வந்துவிடுகிறார். சிகை அலங்காரக் கடை நடத்தும் மகள் ஷிகே, தன் கணவர் பெற்றோருக்கென்று நல்ல பலகாரம் வாங்கி வந்ததைக் கண்டு, இவ்வளவு விலையில் எதற்கு, சாதாரண அரிசி முறுக்கே போதுமே என்று சொல்லிக்கொண்டே தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறாள். கடைக்கு வந்த ஒருவர் யார் அவர்கள் என்று கேட்கும்போது, ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்கிறாள். பார்வையாளர்கள் ஷிகேயை வெறுப்பது வழக்கம். அவளை வெறுப்பதோடு நின்றுவிட்டால் படத்தின் பாதி கையை விட்டுப் போகும். தாய் சாகக் கிடக்கிறாள் என்ற செய்தி வந்ததும், துக்க உடை எடுத்துப் போக வேண்டுமா என்று அண்ணனிடம் கேட்பவள் அவள். தாய் பிழைக்க மாட்டாள் என்று தெரிந்த கணத்தில் முதலில் குலுங்கி அழுபவளும் அவளே. சாவுச் சாப்பாடு முடிவதற்குள் அம்மாவின் இடைக்கச்சையை நினைவாகக் கேட்பவளும் அவளே. மூன்றும் ஒரே ஆளிடமிருந்து வருகின்றன, மூன்றுமே உண்மை.

பெற்றோரை அதாமி என்ற வெந்நீரூற்று நகருக்கு அனுப்பிவைக்கிறார்கள். இரவெல்லாம் பக்கத்து அறைகளில் மாஜோங் என்ற கட்டை ஆட்டமும் பாட்டும். மறுநாள் காலை இருவரும் கடலோரத் தடுப்புச் சுவரில் அமர்ந்து, ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று பேசி எழுகிறார்கள். தோமி ஒரு கணம் தள்ளாடிக் கையூன்றுகிறாள். தூக்கமில்லாததால்தான் என்று சொல்லிக்கொண்டு நடக்கிறாள். ஒளிப்பதிவுக் கருவி அருகே போவதில்லை, இசை எச்சரிப்பதில்லை. இங்கே கண்ணை எடுத்தவர்களுக்குப் பிறகு வரும் மரணம் திடீரென்று வந்ததாகத் தோன்றும்.

தோமி இறந்த விடியலில் ஷுகிச்சியைக் காணோம் என்று விதவை மருமகள் நோரிகோ தேடிப் போகிறாள். அவர் வெளியே கடலைப் பார்த்து நிற்கிறார். அழகான விடியல், இன்றும் வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார். 'குட் மார்னிங்'கில் நம்மைச் சிரிக்க வைத்த அதே வானிலைப் பேச்சுதான். அவரிடம் வேறு சொற்கள் இல்லை. அவருக்குப் பதில் சொல்ல நோரிகோவுக்கும் இல்லை. இந்த வரிக்காகத்தான் உங்களை அந்த நகைச்சுவைப் படத்தில் தொடங்கச் சொன்னேன்.

இன்னும் ஓர் உரையாடலுக்குக் கவனம் தேவை. பெற்ற பிள்ளைகளைவிட நீதான் எங்களுக்கு அதிகம் செய்தாய் என்று மாமனார் பாராட்டும்போது, தான் அப்படி நல்லவள் இல்லை, போரில் இறந்த கணவனை எப்போதும் நினைத்துக்கொண்டிருப்பதும் இல்லை, மறந்துபோகும் நாள்களும் உண்டு என்கிறாள் நோரிகோ. அதுவரை தியாகச் சுடராகத் தெரிந்த பெண் அங்கே மனுஷியாகிறாள். அவர் மனைவியின் பைக்கடிகாரத்தை அவளிடம் கொடுத்து, மறுமணம் செய்துகொள் என்கிறார். படத்தில் அழுகை வெளிப்படையாக வரும் மிகச் சில இடங்களில் இதுவும் ஒன்று. இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருந்ததால்தான் அதற்கு இத்தனை கனம்.

மறுபடி பார்க்கும்போது

இரண்டாம் முறை, ஏதாவது பத்து நிமிடத்துக்குத் துணை எழுத்துகளை அணைத்துவிடுங்கள். ஒளிப்பதிவுக் கருவி தரையை ஒட்டித் தாழ்வாக வைக்கப்பட்டிருப்பதும், 50 மில்லிமீட்டர் லென்சை ஓசு ஏறக்குறைய விடாப்பிடியாகப் பயன்படுத்துவதும், பேசுகிறவர் உங்களையே பார்த்துப் பேசுவதுபோல் முகம் திரும்புவதும் அப்போதுதான் உறைக்கும். ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் புகைபோக்கி, காயும் துணி, ஆளில்லாத தாழ்வாரம், ரயில் என்று சில நொடிகள் வரும். அவை இட அலங்காரமாக மட்டும் வருவன என்று நினைத்துக் கைப்பேசியை எடுத்துவிடாதீர்கள். முந்திய காட்சியில் அடக்கப்பட்டதைப் பார்வையாளர் உணர்ந்துகொள்ள ஓசு ஒதுக்கிய இடம் அது.

ஓசுவுக்குப் பிறகு நருசே

ஓசுவின் வீடுகளில் பணத்தட்டுப்பாடு பெரும்பாலும் பின்னணியில் இருக்கும். நருசேயின் வீடுகளில் அது சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்திருக்கும். கடன், வாடகை, உறவினர் கைநீட்டுவது ஆகியவற்றைச் சொல்லாத காட்சி குறைவு. அவருடைய பெண்கள் சலித்துப்போனவர்கள், ஆனால் மறுநாளும் வேலைக்குப் போகிறவர்கள். 'ரிப்பாஸ்ட்' (1951) படத்தில் தொடங்குவது எளிது. அதே செட்சுகோ ஹரா, ஒசாகாவில் சமையலும் துவையலுமாக நாளைக் கழிக்கும் மனைவியாக வருகிறார். அவரை நோரிகோவாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தச் சிடுசிடுப்பு புதிதாக இருக்கும். அடுத்து 'வென் அ வுமன் அசென்ட்ஸ் த ஸ்டேர்ஸ்' (1960). டோக்கியோவின் கின்சா பகுதியில் மதுக்கூடம் நடத்தும் விதவையாக ஹிடெகோ தகமினே. நருசேயின் படங்களில் நான் முதலிடம் தருவது 'யர்னிங்' (1964) படத்துக்கு: புதிதாக வந்த சூப்பர் மார்க்கெட் முட்டையை மலிவாக விற்பதால் தெருக்கடைகள் நசிகின்றன; அப்படி ஒரு கடையைப் போருக்குப்பின் தனி ஆளாகத் தூக்கி நிறுத்திய விதவை மருமகளை, கடை விரிவாக்கத் திட்டத்தில் குடும்பம் மெதுவாக ஓரங்கட்டுகிறது. இதன் கடைசிப் பகுதி ஒரு நீண்ட ரயில் பயணத்தில் தொடங்குகிறது. அதைப் பற்றி மட்டும் எதையும் முன்கூட்டிப் படிக்காதீர்கள்.

ஓசுவிடம் திரும்பி வருவதானால் 'டோக்கியோ டுவைலைட்' (1957) படத்தைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். அவருடைய போருக்குப் பிந்திய படங்களில் மிக இருண்டது அது. குளிர்காலம், ஓடிப்போன தாய், வேண்டாத கர்ப்பம். வழக்கமான நகைச்சுவை அதில் அரிதாகவே எட்டிப்பார்க்கிறது. மற்றவற்றைப் பார்த்துப் பழகியவருக்கே அது எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறது என்பது தெரியும்.